சுவத்துல மாட்ட எந்தக் குரோஷே? மண்டலா, ஃபிலே, டேபஸ்ட்ரி, மேக்ரமே நாலும் பின்னிப் பார்த்தவ சொல்றேன்

சித்தி பொண்ணுக்கு சிங்கப்பூர் பொங்கோல்ல பிடிஓ (அரசாங்கம் புதுசா கட்டித் தர்ற அடுக்குமாடி) வீட்டுச் சாவி கைக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு, ரெனோவேஷன் எல்லாம் முடிஞ்சு சோபாவும் வந்துடுச்சு, இப்போ சோபாவுக்கு மேல அந்த வெள்ளைச் சுவரு மொட்டையா நிக்குதுன்னு அவளுக்குத் தூக்கம் வரல. போன வாரம் ராத்திரி 11 மணிக்கு வரிசையா 14 படம் அனுப்பிட்டா, எல்லாம் குரோஷே வால் ஹேங்கிங், கடைசில "அக்கா இதுல எது பண்ணட்டும்"னு ஒரே ஒரு வரி. படத்தைப் பார்த்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல, ஒண்ணு வளையத்துக்குள்ள மண்டலா, ஒண்ணு ஜன்னல் வலை மாதிரி ஃபிலே, ஒண்ணு கெட்டிக் கம்பளம் மாதிரி டேபஸ்ட்ரி, ரெண்டு மூணு குரோஷேவே இல்ல, மேக்ரமே. அவளுக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா நாலு வருஷத்துல இந்த நாலையும் நானே பண்ணி, ரெண்டைக் கெடுத்து, ஒண்ணைக் கீழ விழவெச்சு கத்துக்கிட்டவ நான்.

முதல்ல, பண்றதா வாங்குறதான்னு ஒரு கேள்வி இருக்கு, அதைச் சீக்கிரம் முடிச்சிடுவோம். பின்னல்ல நிட்டிங்குக்கு மெஷின் உண்டு, குரோஷேவுக்கு நெசமான மெஷின் இன்னும் கிடையாது, கொக்கி ஊசியால ஒவ்வொரு ஸ்டிட்ச்சையும் யாராவது ஒரு ஆள் கையாலதான் போடணும். அதனால ஆன்லைன்ல 12 வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, பெரிய குரோஷே பீஸ்னு ஒண்ணைப் பார்த்தீங்கன்னா, ஒண்ணு அது குரோஷே மாதிரி தெரியுற மெஷின் லேஸா இருக்கும், இல்ல எங்கயோ ஒரு அம்மா அடிமாட்டுக் கூலிக்குப் பின்னினதா இருக்கும். ஆந்திராவுல நரசாப்பூர் பக்கம் வீட்டு வீட்டுக்குப் பெண்கள் குரோஷே லேஸ் பின்னுறாங்க, அந்த வேலையெல்லாம் நல்ல விலை குடுத்து வாங்குறதுன்னா தாராளமா வாங்குங்க. ஆனா இவளுக்குப் பண்ணத்தான் ஆசை, கையில ஊசியும் இருக்கு, சிங்கிள்னு குட்டை ஸ்டிட்ச், டபுள்னு அதை விட உயர ஸ்டிட்ச், ரெண்டும் போடத் தெரியும். அப்போ பண்ணட்டும்.

ஆனா படத்தைப் பார்த்து முடிவு பண்ணாதேன்னுதான் முதல் பேச்சே. சுவரைப் பாரு. நம்ம ஊர்ல விடியக்காலைல காத்துல ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல போகுது, மழை இல்லாத மதியத்துல 60 கிட்ட இறங்குது, தினமும் இந்த ஏத்தம் இறக்கத்துல நூல் ஊறி ஊறிக் காயுது, டிசம்பர் ஜனவரி மழைல காயவே காயாது. இணையத்துல இருக்குற பேட்டர்ன் பாதி குளிர் நாட்டுக்காரங்க எழுதினது, அவங்க வீட்டுச் சுவத்துல அஞ்சு வருஷம் விறைப்பா நிக்குற பீஸ் நம்ம வீட்டுல ஆறு மாசத்துல தொங்கலாயிடும். அதோட உங்க வீட்டுல அடுப்படி திறந்த மாதிரியா, ஹாலுக்கும் அடுப்புக்கும் நடுவுல கதவு இருக்கா, ஃபேன் அந்தச் சுவத்து மேல நேரா அடிக்குதா, சாயங்கால வெயில் விழுதா, பக்கத்துல சாமி ரூம் ஊதுவத்திப் புகை வருதா, இதெல்லாம் பார்த்துட்டுத்தான் எந்த வகைன்னு பேசணும். இவ வீட்டுல ஓப்பன் கிச்சன். கடுகு தாளிச்சா அந்த எண்ணெய்ப் புகை நேரா சோபா மேலதான் வந்து உக்காரும். அதனால எது பண்ணாலும் கழட்டித் துவைக்குற மாதிரி இருக்கணும்னு முதல் கண்டிஷன் போட்டாச்சு.

இப்போ மண்டலா. எல்லாரும் முதல்ல ஆசைப்படுறது இதுதான், இன்ஸ்டாகிராம்ல அழகா இருக்கும், ஆரம்பிக்கவும் சுலபம். கணக்கு என்னன்னா, டபுள் குரோஷேல வட்டம் தட்டையா வரணும்னா முதல் சுத்து 12, அடுத்தது 24, அடுத்தது 36, இப்படிச் சுத்துக்கு 12 கூட்டிக்கிட்டே போகணும், கூட்டுறது கம்மியானா கிண்ணம் மாதிரி குழிஞ்சிடும், ஜாஸ்தியானா அப்பளம் பொரிச்ச மாதிரி ஓரம் நெளியும். லேசா நெளிஞ்சா பயப்பட வேண்டாம், வளையத்துல இழுத்துக் கட்டும்போது சரியாயிடும். 30 சென்டிமீட்டர் வளையம் வாங்குனா மண்டலாவை 26, 27லயே நிறுத்திடணும், வளையத்தோட அளவுக்கே பின்னிட்டா கட்டுன அன்னிக்கு நல்லா இருக்கும், ஒரு மாசம் கழிச்சு நடுவுல தொப்பை விழும். நான் முதல் தடவை அப்படித்தான் பண்ணேன்.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு வில்லன் இருக்கான், வளையம். மூங்கில் எம்பிராய்டரி வளையத்துல இறுக்கிக் கட்டுனா நூல் இழுக்குற இழுவைக்கு ரெண்டு மூணு மாசத்துல வட்டம் முட்டையாயிடுது. சரி இரும்பு வளையம் போடலாம்னா, பூச்சு இல்லாத இரும்புன்னா இந்த ஈரத்துல துருப் பிடிச்சு அந்தத் துரு வெள்ளைக் காட்டன்ல இறங்கும், துருக்கறை எந்த சோப்புக்கும் போகாது. பவுடர் கோட்டிங் போட்ட வளையம், இல்ல பித்தளை முலாம் பூசினது வாங்கணும், இல்லன்னா வளையத்தை முழுசா சிங்கிள் குரோஷேல மூடி உறை போட்டுட்டு அப்புறம் மண்டலாவைக் கட்டணும். சின்னதா பண்றவங்களுக்கு ஒரு குறுக்கு வழி, லிட்டில் இந்தியாவுல டஜன் கணக்குல விக்குற மெட்டல் வளையல் இருக்கே, அதுல ஒவ்வொண்ணுலயும் மூணு சுத்து மண்டலா போட்டு ஏழெட்டைக் கொடி மாதிரி கோத்துத் தொங்கவிட்டா வாசக்கால் பக்கத்துல அவ்வளவு நல்லா இருக்கும். ஆனா சோபாவுக்கு மேல ரெண்டு மீட்டர் சுவத்துல ஒத்தை மண்டலா மாட்டுனா நெத்தில ஸ்டிக்கர் பொட்டு வெச்ச மாதிரிதான் தெரியும், மூணு அஞ்சுன்னு வெச்சாத்தான் எடுபடும், அப்போ வளையச் செலவே நூல் செலவைத் தாண்டிடும். துவைக்கணும்னா வளையத்துலேந்து பிரிச்சு மறுபடி கட்டணும். எண்ணெய்ப் புகை வீட்டுக்கு இது சரிப்படாதுன்னு இவளுக்குச் சொல்லிட்டேன்.

மேக்ரமேயை அடுத்து சொல்லிடுறேன், ஏன்னா அது குரோஷேவே இல்லன்னாலும் எல்லாரும் குழப்பிக்குறாங்க. ஊசி கிடையாது, கயித்துல முடிச்சு போடுறது, தலைமுடிச்சு, சதுர முடிச்சு, அரைமுடிச்சு மூணு தெரிஞ்சா பாதி டிசைன் வந்துடும். வேகம்னு பார்த்தா இதை அடிச்சுக்க ஆளில்ல, சனி ஞாயிறுல ஒரு பெரிய பீஸ் முடிஞ்சிடும். கயிறு குடிக்குற குடிதான் பயங்கரம். ஒவ்வொரு கயிறையும் நடுவுல மடிச்சுக் கட்டைல மாட்டுறதால, முடிஞ்ச நீளத்துக்கு எட்டு மடங்கு வெட்டிக்கணும்னு ஒரு கணக்கு, அப்போ 60 சென்டிமீட்டர் தொங்கலுக்கு ஒரு கயிறு கிட்டத்தட்ட 5 மீட்டர், 20 கயிறு போட்டா 100 மீட்டர் உருளை ஒண்ணு காலி. அகலம் பத்தாதுன்னு அப்புறம்தான் தெரியும். அதோட கீழ சீவி விடுற அந்தக் குஞ்சம், அது தூசி மேக்னட், ஃபேன் காத்துல ஆடி ஆடி நுனி பிரிஞ்சு, எங்க வீட்டுப் பூனைக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான் ஆயிடுச்சு. சணல் கயித்துல பண்ணா இன்னும் மோசம், மழைக்காலத்துல கோணிப்பை வாடை வருது, கீழ்ப்பக்கம் பூஞ்சை பிடிச்சிடுச்சு எனக்கு. மேக்ரமே வேணும்னா காட்டன் கயிறுல, ஏசி ஓடுற படுக்கை ரூம்ல மாட்டுங்க. ஹால்ல வேண்டாம்.

அப்போ மிச்சம் ரெண்டு, டேபஸ்ட்ரி, ஃபிலே. நிஜப் போட்டி இதுங்களுக்குள்ளதான்.

டேபஸ்ட்ரின்னா சிங்கிள் குரோஷேல கெட்டியா பின்னுறது, ரெண்டு மூணு கலர் நூலைக் கூடவே எடுத்துட்டுப் போகணும், ஒரு கலர் வெளிய வேலை செய்யும்போது இன்னொண்ணு ஸ்டிட்ச்சுக்குள்ளயே ஒளிஞ்சு வரும். ஒரு ஸ்டிட்ச்னா படத்துல ஒரு புள்ளி, அவ்வளவுதான், கட்டம் போட்ட நோட்டுல கலர் அடிச்சா அதுவே பேட்டர்ன். கலர் மாத்துறதுல ஒரே ஒரு சூட்சுமம் இருக்கு, புது கலர் ஸ்டிட்ச்சுக்கு முந்தின ஸ்டிட்ச்சோட கடைசி இழுப்புல புது நூலை இழுத்துடணும், ஸ்டிட்ச்சை முடிச்சுட்டு மாத்துனா பழைய கலர் தலையை நீட்டிக்கிட்டு நிக்கும். இது தெரியாம நான் பாதி பீஸ் பின்னிட்டு, ஏன் ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்குன்னு யூடியூப்ல தேடிட்டு இருந்தேன்.

டேபஸ்ட்ரில டிசைனுக்கு எல்லையே இல்ல. நான் பண்ணது ஜூ சியாட் பக்கம் பழைய பெரனாக்கான் (சீன, மலாய்க் கலப்புப் பரம்பரை) வீட்டு வாசல்ல இருக்குற பூ டைல்ஸ் மாதிரி ஒண்ணு, பச்சை, ரோஸ், வெள்ளை மூணு கலர், அகலத்துக்கு 60 ஸ்டிட்ச், உயரத்துக்கு 70 வரிசை. 4200 ஸ்டிட்ச். என் கைக்கு நிமிஷத்துக்குப் பத்து ஓடும், அப்போ ஏழு மணி நேரம்னு மனக்கணக்கு போட்டேன், பஸ்ல போகும்போது வரும்போது ஒரே வாரத்துல முடிச்சிடலாம்னு நெனச்சேன். மூணு உருண்டை நூல் மடில ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டு, எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டு இதைப் பின்னவே முடியாது, உக்காந்தாலும் பக்கத்து ஆள் கால்ல ரோஸ் உருண்டை உருண்டு போகுது. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆனா முடிச்சு மாட்டுனப்போ வந்த பெருமை மத்த எதுலயும் வரல, அதையும் சொல்லணும்ல.

குறைன்னு பார்த்தா கனம். அதே அளவு ஃபிலேவுக்கு ஆகுற நூலை விட ரெண்டு மடங்குக்கு மேல ஆகும், உள்ள ஒளிஞ்சு வர்ற நூலும் கணக்குல சேருது. கனம்னா ஹூக் பலமா வேணும், காட்டன்ல பண்ணா தன் கனத்துல தானே கீழ நீளும். அதனால டேபஸ்ட்ரிக்கு மட்டும் அக்ரிலிக் நல்லதுன்னு சொல்வேன், லேசு, சாயம் சீக்கிரம் வெளுக்காது, வெயில் விழுற சுவத்துக்கும் தாங்கும். ஓரம் சுருண்டா அயர்ன் பாக்ஸை மேல படாம பிடிச்சு ஆவி காட்டுனா படிஞ்சிடும், ஆனா அக்ரிலிக் ஒரு தடவை ஆவில செத்துப் போச்சுன்னா செத்ததுதான், திரும்பப் பழைய நெகிழ்வு வராது, சுவத்துல தொங்குற பொருளுக்கு அது குறையும் இல்ல. இன்னொரு விஷயம், வட்டமா சுத்திப் பின்னுனா வலது கைக்காரங்களுக்கு ஸ்டிட்ச் எல்லாம் லேசா வலது பக்கம் சாயும், படமும் கூடவே சாயும், கோபுரம் பின்னுனா பைசா கோபுரம் ஆயிடும். தட்டையா போய்த் திரும்புற முறைல அந்தச் சாய்வு ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிக்கும், ஆனா திரும்பி வர்ற வரிசைல பின்பக்கம் பார்த்துக் கலர் எண்ணணும். மண்டை காயும்.

மூலைலேந்து மூலைக்குப் போற சி டூ சின்னு ஒண்ணும் இருக்கு, மூணு செயின் மூணு டபுள் சேர்ந்து ஒரு கட்டம், வேகமா வளரும், போர்வைக்கு அருமை, சுவத்துக்கு என்னைப் பொறுத்தவரை முரடு. விட்டுடுவோம்.

இப்போ ஃபிலே. எனக்கு இதுதான் செல்லம், மறைக்கப் போறதில்ல. வலை மாதிரி கட்டம் கட்டமா பின்னுறது, சில கட்டம் காலி, சில கட்டம் அடைச்சது, அடைச்ச கட்டமெல்லாம் சேர்ந்து உருவம் ஆகும். ஒரு டபுள், ரெண்டு செயின், ஒரு டபுள், இது காலிக் கட்டம். ரெண்டு செயினுக்குப் பதில் ரெண்டு டபுள் போட்டா அடைச்ச கட்டம். வேற ஒண்ணுமே கிடையாது, இந்த ரெண்டு தெரிஞ்சா போதும். ஒரே நூல், ஒரே உருண்டை, எம்ஆர்டில செங்காங்லேந்து தோபி காட் போறதுக்குள்ள ரெண்டு வரிசை. பின்னால வெள்ளைச் சுவரோ கலர் சுவரோ அந்தச் சுவரே டிசைன்ல ஒரு கலர் ஆயிடும், அதனால வெள்ளைச் சுவத்துக்கு வெள்ளை நூல் எடுக்காதீங்க, ஒண்ணும் தெரியாது, மஞ்சக் கலரோ நீலமோ காப்பிப் பொடிக் கலரோ எடுங்க. லேசா இருக்கும், காத்து உள்ள போய் வெளிய வரும், அதனால பூஞ்சை பயம் கம்மி, மாட்டுற கம்பை உருவிட்டு வாஷிங் மெஷின் வலைப்பைல போட்டுத் துவைச்சுக்கலாம்.

நம்ம ஆளுங்களுக்கு இதுல இன்னொரு வசதி, கோலம். நேர்ப்புள்ளி வெச்சுப் போடுற கோலத்துல தாமரை, கிளி, விளக்கு, தேர் எல்லாம் கட்டத்துக்குக் கட்டம் அப்படியே ஃபிலேல உக்காரும், அம்மாவோட பழைய கோல நோட்டை எடுத்துப் பார்த்தா பேட்டர்ன் புக்கே வேண்டாம். ஆனா ஒண்ணு, சந்துப்புள்ளிக் கோலம் நேரா உக்காராது, புள்ளி ரெண்டு கட்டத்துக்கு நடுவுல விழும். சிக்குக் கோலம் சுத்தமா வராது, அந்த வளைவெல்லாம் ஃபிலேல மாடிப்படி மாதிரி ஆயிடும், பார்க்கவே பாவமா இருக்கும். சிக்குக் கோலம்தான் வேணும்னு அடம் பிடிக்குறவங்களுக்கு வேற வழி இருக்கு. முழுசும் காலிக் கட்டமா ஒரு வலை பின்னிட்டு, அது மேல தடிச்ச வெள்ளை நூலால ஸ்லிப் ஸ்டிட்ச் ஓட்டணும், நூல் பின்பக்கம், ஊசி முன்பக்கம், கட்டத்துக்குள்ள விட்டு இழுத்து இழுத்து சங்கிலி மாதிரி ஓட்டிக்கிட்டே போனா, அரிசி மாவை விரல் இடுக்குல விட்டுக் கோடு இழுக்குற மாதிரியே ஒரு கோடு வளைஞ்சு வளைஞ்சு போகும். தப்பா போனா இழுத்துவிட்டா உருவிடும், வாசல்ல கோலத்தைக் கால்ல அழிக்குற மாதிரிதான். காப்பிக் கலர் வலை மேல வெள்ளைச் சங்கிலி, சாணி மெழுகுன வாசல் மாதிரி இருக்கும். இன்னும் நான் பெருசா பண்ணல, ஒரு ஒத்தை அடி சாம்பிள்தான் பண்ணி வெச்சிருக்கேன்.

இவ்வளவு புகழ்ந்துட்டு என் ஃபிலே மானம் போன கதையைச் சொல்லலன்னா நியாயம் இல்ல. முதல் ஃபிலே, மயில். 40க்கு 40 கட்டத்துல பென்சில்ல அழகா வரைஞ்சு, தோகை, கொண்டை எல்லாம் கலர் அடிச்சு, டிகேன்னு நடுத்தரத் தடிமன் காட்டன் நூல், 4 மில்லிமீட்டர் ஊசி, கட்டத்துக்கு மூணு ஸ்டிட்ச் கணக்குல 40 கட்டத்துக்கு 120, கடைசி ஓரத்துக்கு ஒண்ணு, மொத்தம் 121ன்னு உக்காந்து ஒரு மாசம் பின்னினேன். வரிசை ஏற ஏற ஏதோ சரியில்லன்னு உள்ளுக்குள்ள தோணுது, ஆனா முடிஞ்சதும் பிளாக்கிங்ல, அதாவது நனைச்சு ஊசி குத்திக் காயவிடுறதுல, இழுத்தா சரியாயிடும்னு ஒரு நப்பாசை. முடிச்சு விரிச்சா அகலம் 70 சென்டிமீட்டர், உயரம் 45 கூட வரல. மயில் நசுங்கி, கழுத்து குறுகி, நல்லா கொழுத்த வாத்து ஒண்ணு என்னைப் பார்த்துட்டு இருக்கு. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல, ஆனா "க்வாக்"னு ஒரு சத்தம் மட்டும் குடுத்துட்டு குளிக்கப் போயிட்டார். நான் பிரிச்சுப் போட எடுத்தேன், அத்தை கையைப் பிடிச்சிட்டாங்க, "இது அன்னப்பட்சிம்மா, எவ்வளவு லட்சணமா இருக்கு"ன்னு சொல்லி சாமி ரூம்ல மாட்டிட்டாங்க. இன்னிக்கும் அங்கதான் இருக்கு.

ஏன் அப்படி ஆச்சுன்னா, என் கைக்கு 10 சென்டிமீட்டர்ல டபுள் குரோஷே 17 ஸ்டிட்ச் வரும், வரிசை ஒன்பதுதான் வரும். அப்போ மூணு ஸ்டிட்ச் கட்டம்னா அகலம் கிட்டத்தட்ட 1.8, உயரம் 1.1. சதுரமே இல்ல. காகிதத்துல கட்டம் சதுரம், நூல்ல செவ்வகம். மெல்லிசு லேஸ் நூல்ல இந்த வித்தியாசம் அவ்வளவா உறுத்தாது, தடிச்ச நூல்ல முகத்துல அடிக்குது. தீர்வு ரெண்டு, ஒண்ணு கட்டத்துக்கு ரெண்டு ஸ்டிட்ச்சா குறைச்சிடுறது, அதாவது ஒரு டபுள் ஒரு செயின், அப்போ அகலம் 1.2 ஆகி உயரத்தோட பொருந்திடும். இல்ல மூணு ஸ்டிட்ச்சே வெச்சுக்கிட்டு டபுளுக்குப் பதில் அதை விட உயரமான டிரெபிள் போட்டு உயரத்தை ஏத்துறது, அது கொஞ்சம் தொளதொளன்னு வரும். எனக்கு முதல் வழிதான் பிடிச்சிருக்கு. எதுவா இருந்தாலும் பத்துக்குப் பத்து கட்டம் சாம்பிள் பின்னி ஸ்கேல் வெச்சு அளந்து பார்த்துட்டுத்தான் பெருசுல இறங்கணும், அரை மணி நேர வேலை, ஒரு மாசத்தைக் காப்பாத்தும். இன்னொண்ணு, லைப்ரரில எடுக்குற பழைய பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் புத்தகத்துல டபுள்னு போட்டிருந்தா அது அமெரிக்கக்காரன் சொல்ற சிங்கிள், அவங்க டிரெபிள்தான் யூடியூப்ல எல்லாரும் சொல்ற டபுள். நான் இங்க சொல்றது எல்லாம் யூடியூப் கணக்கு.

நூல் பத்திக் கேட்டா, ஃபிலேவுக்குக் காட்டன்தான், மெர்சரைஸ்டு காட்டன்னு பளபளப்பா இருக்குமே அது, ஸ்டிட்ச் ஒவ்வொண்ணும் தெளிவா தெரியும். அக்ரிலிக்ல ஃபிலே பண்ணா கட்டமெல்லாம் முடி முளைச்ச மாதிரி மங்கிடும். காட்டன் தொங்குமேன்னு கேப்பீங்க, ஃபிலே லேசா இருக்குறதால டேபஸ்ட்ரி அளவுக்குத் தொங்காது, ஆனா பிளாக்கிங் கட்டாயம். நனைச்சுப் பிழிஞ்சு, பிள்ளைங்க விளையாடுற ஃபோம் மேட் மேல துருப்பிடிக்காத ஊசி குத்தி இழுத்து, ஃபேன் போட்டு ரெண்டு நாள் விடணும். விறைப்பு வேணும்னு ஊர்ல வேட்டிக்குப் போடுற மாதிரி அரிசிக் கஞ்சி போடாதீங்க ப்ளீஸ். எங்க அம்மா சொன்னாங்கன்னு ஒரு தடவை போட்டேன், பார்க்க ஜம்முனு இருந்துச்சு, ஆனா மாவுன்னா ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து, இந்த ஈரத்துல சுவத்துலயே சோறு போட்ட மாதிரி ஆயிடும். வெள்ளைப் பசையைத் தண்ணில நல்லா கரைச்சு, அடிப்பக்கமும் ஓரமும் மட்டும் லேசா தடவுங்க, அது போதும். கீழ் ஓரத்துலயும் ஒரு மெல்லிசுக் கம்பி செருகிட்டா சுருளாது.

வாங்குற இடம்னு கேட்டா, சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டர்ல கோல்டன் டிராகன்னு ஒரு நூல் கடை இருக்கு, தரைலேந்து கூரை வரைக்கும் நூல், போனா பர்ஸைப் பத்திரமா பிடிச்சுக்கோங்க. பிளாசா சிங்கப்பூராவுல ஸ்பாட்லைட் இருக்கு, அங்க ஊசியும் வளையமும் ஒரே இடத்துல கிடைக்கும், சேல் போடும்போது போங்க. பழகுறதுக்கு மட்டும்னா டைசோ நூல் போதும், ஆனா அங்க ஒரே கலர் அடுத்த தடவை இருக்கும்னு நம்பி பெரிய பீஸ் ஆரம்பிக்காதீங்க. கம்புக்குப் பெருசா காசு செலவு பண்ண வேண்டாம், கீழ் பிளாக் ஹார்ட்வேர் கடைல மரக்கம்பு கேட்டா வேணும்கிற நீளத்துக்கு வெட்டியே குடுப்பாங்க.

மாட்டுறதுதான் கடைசி, அதை எல்லாரும் கடைசிலதான் யோசிக்குறாங்க. எச்டிபி, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுச் சுவரு நெறைய இடத்துல கான்கிரீட், ஆணியை வெச்சு சுத்தியால அடிச்சா ஆணிதான் வளையும், ஹேமர் டிரில் வேணும். வீட்டுக்குள்ளயே இருக்குற பாம் ஷெல்டர் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) சுவருன்னா அதுக்குத் தனி விதி இருக்கு, அதுல கை வைக்கவே வேண்டாம். வாடகை வீடுன்னா ஓனர் கிட்ட கேக்காம ஓட்டை போட முடியாது. அதனால பெரும்பாலும் ஒட்டுற ஹூக்தான். ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்தை ஆல்கஹால் வைப்ஸ்ல துடைச்சு, காய்ஞ்சதும் ஒட்டி அரை நிமிஷம் நல்லா அழுத்தி, ஒரு மணி நேரம் சும்மா விட்டுட்டு அப்புறம்தான் மாட்டணும். நான் அந்த டேபஸ்ட்ரியை ஒட்டுன கையோட மாட்டிட்டேன், அதுவும் தாங்குற எடையைப் பார்க்காம, ராத்திரி 3 மணிக்குத் தொப்புன்னு ஒரு சத்தம், மாமா வெளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்கு ஓடி வந்துட்டார், திருடன்னு. ஹூக்கோட பெயிண்ட்டும் ஒரு துண்டு பிஞ்சு வந்துடுச்சு, தப்பு முழுக்க என்னுது. புது பெயிண்ட் அடிச்ச சுவருன்னா சில வாரம் பொறுத்து ஒட்டுங்க, வால்பேப்பர் மேல ஒட்டவே ஒட்டாதீங்க. ஃபிலேன்னா ரெண்டு சின்ன ஹூக் தாராளமா தாங்கும், டேபஸ்ட்ரின்னா கம்பு, நூல் எல்லாத்தையும் சேர்த்து கிச்சன் தராசுல எடை போட்டுட்டு, அதுக்கு மேல தாங்குற ஹூக்கா பார்த்து வாங்குங்க.

அப்போ யாருக்கு எதுன்னா, பூனை இல்லாத, ஏசி ரூமுக்கு உடனே ஏதாவது வேணும்னா மேக்ரமே. சின்னச் சுவரு, வாசக்கால் பக்கம்னா வளையல் மண்டலா. வெயில் விழுற சுவரு, கலர் கலரா வேணும், பொறுமை மலை மாதிரி இருக்கு, டிரில் பண்ணவும் தயார்னா டேபஸ்ட்ரி. மத்தவங்க எல்லாருக்கும் ஃபிலேன்னு சொல்வேன், முதல் பீஸ்னா கண்டிப்பா ஃபிலே.

சித்தி பொண்ணுக்கு டேபஸ்ட்ரி மேல ஒரு கண்ணு, ஆனா கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு, ஓப்பன் கிச்சன் வேற, அதனால ஃபிலேவுக்கு வந்துட்டா. தாமரை. 45 கட்டம் அகலம், ரெண்டு ஸ்டிட்ச் கணக்கு, அப்போ 91 ஸ்டிட்ச், 53 சென்டிமீட்டர் வரும். ரெண்டு மீட்டர் சுவத்துக்கு இது ஒண்ணு பத்தாது, பக்கத்துலயே மொட்டு ஒண்ணு இதுல பாதி அகலத்துல பண்ணி ஜோடியா மாட்டலாம்னு பேசி வெச்சிருக்கோம், மொட்டு கிரகப்பிரவேசத்துக்கு அப்புறம் வந்தாலும் பரவாயில்ல. சனிக்கிழமை பீப்பிள்ஸ் பார்க் போறோம். அவ நீலம் வேணும்கிறா, நான் மஞ்சள்னு சொல்றேன், அவ வீடு, நீலமே வாங்கட்டும், ஆனா உருண்டை எல்லாத்துலயும் லேபிள்ல இருக்குற சாய லாட் நம்பர் ஒண்ணா இருக்கான்னு பார்த்துட்டு, கணக்குக்கு மேல ஒரு உருண்டை சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கேன், அடுத்த மாசம் போய்க் கேட்டா அதே நீலம் அந்த நீலமா இருக்காது.